76 இலட்சம் டாலரை மறுத்த இளைஞர்



1986 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்து இளைஞர் ஒருவர் முன் இரண்டு வழிகள் திறந்திருந்தன. அவருக்கு அப்போது வயது 23. முதல் வழியில் சென்றால், ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 76 இலட்சம் டாலர் ஊதியம். அன்றே நாடறிந்த நாயகர் என்ற பெயர். மற்ற வழியில் மூன்றாண்டுகளுக்கு 10 இலட்சத்து 70 ஆயிரம் டாலர். அதனோடு, பேருந்தில் ஊர் ஊராக அலைந்து, சிறிய ஆடுகளங்களில் தொழிலை அடியிலிருந்து கற்க வேண்டிய நிலை. இளைஞர் இரண்டாவது வழியையே தேர்ந்துகொண்டார். அவரைப் பைத்தியக்காரர் என்று கூறியவர் பலர். வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் எதிர்காலத்தைப் பற்றிக் கணக்குப் போடும் பெற்றோர், இந்த இளைஞரின் கணக்கைச் சிறிது கவனிப்பது நன்று என்று எண்ணி இத்திங்கள் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

அவர் பெயர் வின்சென்ட் எட்வர்ட் ஜாக்சன். உலகம் அறிந்த பெயர் போ ஜாக்சன். முதல் வழி அமெரிக்கக் கால்பந்து, இரண்டாவது பேஸ்பால்.

இவ்விரு விளையாட்டுகளும் நம்முள் பலருக்குப் பழக்கமற்றவை. அமெரிக்கர் கால்பந்து என்று கூறுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. அதில் காலால் உதைப்பது சொற்பமே. நீள்வட்ட வடிவான பந்தை ஒருவர் கைக்குள் இடுக்கிக்கொண்டு ஓடுவார். எதிரணியினர் பாய்ந்து அவரைத் தரையில் வீழ்த்துவர். தலைக்கும் தோளுக்கும் கவசம் அணிந்தே ஆடுவர். பந்தைச் சுமந்து ஓடுவதே ஜாக்சனின் பணி. எல்லாருடைய தாக்குதலும் அவர்மீதே விழுமாதலால், அப்பணியில் உள்ளோரின் விளையாட்டு வாழ்வு மிகக் குறுகியது. பேஸ்பாலோ நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. உருண்டைத் தடியால் பந்தை அடிக்க வேண்டும். அடித்த பந்து எல்லைச் சுவரைத் தாண்டினால் அதற்கு ‘ஹோம் ரன்’ என்று பெயர். இங்கே எலும்பு முறியும் அச்சம் குறைவு. ஆனால் கற்பது அரிது. பத்து முறையில் மூன்று முறை செம்மையாக அடிப்பவரே தலைசிறந்தவர் என்றால், எஞ்சிய ஏழு முறையும் தலைகுனிந்து திரும்ப வேண்டும் என்பதுதானே பொருள்?

ஜாக்சன் 1962 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் பெசமர் என்னும் ஊரில் பிறந்தார். எஃகு செய்யும் புதுமுறை கண்ட ஹென்றி பெசமரின் பெயரைத் தாங்கிய தொழில் நகரம் அது. கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்று ஒதுக்கிவைத்த கொடுமை அன்று அம்மாநிலத்தில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பத்துப் பிள்ளைகளுள் எட்டாமவன் அவன். தந்தை உடன் வாழவில்லை. தாய் ஃபுளோரன்ஸ் துப்புரவுப் பணி செய்து அத்தனை வாய்களுக்கும் உணவளித்தார். தமக்குப் பிடித்த நடிகர் வின்ஸ் எட்வர்ட்ஸின் நினைவாகவே மகனுக்கு அப்பெயரை இட்டார் என்பர். ஆனால் வீட்டில் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. காட்டுப் பன்றியைப் போல் முரடன் என்று உடன்பிறந்தோர் அழைத்த அழைப்பே சுருங்கி ‘போ’ என்று நின்றுவிட்டது.

முரடன்தான். பேசும்போது நாக்குத் திக்கும். ஆகவே கையால் பேசினான். ஒருமுறை நண்பர்களுடன் சேர்ந்து பிறர் வளர்த்த பன்றிகளைக் கல்லெறிந்து கொன்றான். அந்தப் பன்றிகளுக்கு உரியவர் ஒரு சபைப் போதகர் என்று படித்தபோது, குருவாகிய நமக்குச் சிரிப்பும் அவர்மேல் இரக்கமும் ஒருங்கே எழுந்தன என்பதை மறைப்பானேன்! தாய் சிரிக்கவில்லை. சீர்திருத்தப் பள்ளியின் வாயிலில் மகன் நிற்பதை அவர் கண்டுகொண்டார். கல்லெறியும் அந்தக் கைக்கு விளையாட்டுக் களம் ஒன்று கிடைத்ததே அக்குடும்பத்துக்கு வந்த விடுதலை.

உயர்நிலைப் பள்ளியில் பத்து வகைப் போட்டிகள் அடங்கிய ‘டெக்கத்லான்’ பந்தயத்தில் இருமுறை மாநில வாகை சூடினான். பள்ளி இறுதியாண்டில் 25 பேஸ்பால் ஆட்டங்களில் 20 ஹோம் ரன்கள் அடித்தான். 1982 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க் யாங்கீஸ் அணி அவனை விரும்பி அழைத்தது. அமெரிக்க பேஸ்பாலில் அந்தப் பெயருக்குள்ள மதிப்பை விளக்கத் தேவையில்லை. இரண்டரை இலட்சம் டாலர் தருவதாகக் கூறினர் என்று செய்தி. துடைப்பம் பிடித்த கையால் பத்துப் பிள்ளைகளை வளர்த்த வீட்டில் அத்தொகை எத்தகைய சோதனையாக வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மகன் மறுத்தான். குடும்பத்திலிருந்து பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் செல்லும் முதல் பிள்ளையாகத் தானே இருப்பேன் என்று தாய்க்கு வாக்களித்திருந்தான். விளையாட்டு உதவித்தொகை பெற்று ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். பணத்தைப் பார்த்து, ‘வேண்டாம்’ என்று கூறும் பழக்கம் அன்றே அவனுக்கு ஏற்பட்டது. இந்த முதல் மறுப்பு நினைவில் நிற்கட்டும். நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த இரண்டாம் மறுப்பைக் கண்டு வியந்தவர்கள் இதனை மறந்துவிட்டார்கள் என்றே எண்ணுகிறோம்.

ஆபர்னில் அவர் இரு விளையாட்டுகளிலும் ஓங்கினார். 1985 ஆம் ஆண்டின் கால்பந்துப் பருவத்தில் பந்தைச் சுமந்து 1,786 கெஜ தூரம் ஓடினார். கல்லூரிக் கால்பந்தில் ஆண்டின் சிறந்த வீரருக்கு அளிக்கப்படும் ஹைஸ்மன் விருது அவரை வந்தடைந்தது. அதே ஆண்டில் கல்லூரி பேஸ்பாலில் 17 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். எனினும் நாட்டின் கண்கள் கால்பந்தின் மேலேயே இருந்தன. அவர் தொழில்முறைக் கால்பந்துக்கே போவார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

இங்கே ஒரு நடைமுறையை விளக்க வேண்டும். கல்லூரி வீரர் தாம் விரும்பும் தொழில்முறை அணியில் தாமே போய்ச் சேர்ந்துவிட முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை அணிகள் வரிசையாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். முந்திய ஆண்டில் மிகத் தாழ்ந்து நின்ற அணிக்கே பொதுவாக முதல் உரிமை. தேர்ந்தெடுத்த அணியோடுதான் வீரர் பேசலாம். மறுத்தால் அடுத்த ஆண்டுத் தேர்வு வரை காத்திருக்க வேண்டியதுதான். 1985 ஆம் ஆண்டில் 2 ஆட்டங்களில் வென்று 14 ஆட்டங்களில் தோற்ற டாம்பா பே பக்கனியர்ஸ் அணிக்கு முதல் உரிமை கிடைத்தது. அதன் உரிமையாளர் ஹியூ கல்வர்ஹவுஸ்.

1986 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், ஜாக்சன் கல்லூரியின் பேஸ்பால் பருவத்தை ஆடிக்கொண்டிருக்கையில், பக்கனியர்ஸ் அணியினர் உடற்பரிசோதனைக்கென்று அவரை அழைத்தனர். உரிமையாளரின் சொந்த விமானத்திலேயே அவரை ஏற்றிச் சென்றனர். இப்பயணம் கல்லூரி விதிகளுக்கு முரணாகாதா என்று அவர் வினவினார்; எல்லாம் கேட்டாயிற்று, தடை ஏதுமில்லை என்று விடை கிடைத்தது. உண்மை அதுவன்று. அந்தப் பயணச் சலுகையை ஏற்றதால் கல்லூரிக்காக ஆடும் தகுதியை அவர் இழந்தார். பேஸ்பால் பருவம் முடியுமுன்னரே அவர் களத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது.

அது அறியாமல் நேர்ந்த பிழையா? பேஸ்பாலை அவரிடமிருந்து பறித்துவிட்டால் கால்பந்தைத் தவிர வேறு புகலிடம் இராது என்று திட்டமிட்டுச் செய்த சூழ்ச்சியா? ஜாக்சன் சூழ்ச்சி என்றே நம்பினார். அணியின் தரப்பில் அது நேர்மையான தவறு என்று கூறப்பட்டது. பிறர் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க நம்மால் இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு. கேட்ட கேள்விக்கு அவருக்குப் பொய்யான விடை கிடைத்தது. அதற்குரிய விலையைச் செலுத்தியவர் விடை கூறியவர் அல்லர், கேட்டவரே.

ஜாக்சன் அவ்வணியிடம் மறைவின்றிக் கூறிவிட்டார்: என்னைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், தேர்ந்தெடுத்தால் உங்கள் முதல் உரிமை வீணாகும், நான் உங்களுக்கு ஆடப் போவதில்லை. அவர்கள் நம்பவில்லை. பெரிய தொகையைக் கண்முன் வைத்தால் ஏழை வீட்டுப் பிள்ளை இளகிவிடுவான் என்று எண்ணினர் போலும். ஏப்ரல் 29 ஆம் நாள் அவரையே முதல்வராகத் தேர்ந்தெடுத்தனர்.

ஜூன் திங்களில் பேஸ்பால் அணிகளின் தேர்வு வந்தது. கால்பந்துக்குப் போகிறவரை நாம் ஏன் எடுக்க வேண்டும் என்று பல அணிகள் அவரை ஒதுக்கிவிட்டன. கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணி நான்காம் சுற்றில், 105 ஆம் பெயராக, அவரை எடுத்தது. அதற்கு முந்திய அக்டோபரில்தான் அவ்வணி பேஸ்பாலின் உச்சப் பட்டத்தை வென்றிருந்தது. ஜூன் 21 ஆம் நாள் ஜாக்சன் ராயல்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். டாம்பா பே அணி வெறுங்கையோடு நின்றது. அந்த ஆண்டும் அவ்வணிக்கு 2 வெற்றி, 14 தோல்வி!

கணக்கறிந்த தந்தையர் இங்கே நம்மை இடைமறிக்கக் கூடும். ‘கோபத்தில் எடுத்த முடிவு இது, கோபத்துக்கு ஏறத்தாழ 65 இலட்சம் டாலர் விலையா?’ என்பர். கோபம் இருந்தது உண்மைதான். ஆனால் அதன் அடியில் வேறொரு சிந்தனையும் இருந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. கால்பந்து வீரர் தம் உடலையே அணியினிடம் ஒப்படைக்கிறார். அடிபட்டால் சிகிச்சை எது, மீண்டும் ஆடலாமா கூடாதா என்று கூறும் மருத்துவரும் அணியின் மருத்துவரே. முதல் சந்திப்பிலேயே வாய்ச்சொல் பொய்த்த இடத்தில் ஒருவர் தம் முழங்காலையும் முதுகெலும்பையும் எந்த நம்பிக்கையில் ஒப்படைப்பார்? எவ்வளவு தருவீர்கள் என்று கேட்குமுன், உங்கள் சொல் நிற்குமா என்று அவர் கேட்டார். நம் வீடுகளில் வேலைக்கோ திருமணத்துக்கோ பேச்சு நடக்கும்போது இந்தக் கேள்வி எத்தனாவது இடத்தில் வருகிறது?

ராயல்ஸ் அணி அவரை முதலில் மெம்ஃபிஸ் நகரின் துணை அணிக்கு அனுப்பிற்று. நாட்டின் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரர் அங்கே 53 ஆட்டங்களில் கற்றுக்குட்டியாக நின்றார். வளைந்து வரும் பந்துக்கு ஏமாந்தார். தடியைச் சுழற்றிக் காற்றை அடித்தார். செப்டம்பர் 2 ஆம் நாள் பெரிய அணியில் இடம் கிடைத்தது; அனுபவம் முதிர்ந்த ஸ்டீவ் கார்ல்டனின் பந்தில் முதல் அடியைப் பெற்றார். இரு வாரத்துக்குள் அவர் அடித்த முதல் ஹோம் ரன் 475 அடி தூரம் சென்று விழுந்தது.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்ட எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! வாழ்க்கை அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. 1987 ஆம் ஆண்டில் டாம்பா பே அணியின் உரிமை காலாவதியாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் ரெய்டர்ஸ் என்னும் வேறோர் அணி ஏழாம் சுற்றில், 183 ஆம் பெயராக, அவரைத் தேர்ந்தெடுத்தது. அதன் உரிமையாளர் அல் டேவிஸ் தந்திரசாலி. பேஸ்பாலை விடவேண்டா, அப்பருவம் முடிந்தபின் வந்து ஆடினால் போதும் என்றார். ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 74 இலட்சம் டாலர். ஜாக்சன் இசைந்தார். கால்பந்து தமக்கு ஒரு பொழுதுபோக்கே என்றும் கூறினார். இச்சொல்லால் இரு தரப்பினரும் புண்பட்டனர். கால்பந்தையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு அது இழிவாகப் பட்டது. பேஸ்பால் அணியினர் சிலருக்கோ தங்களைப் பாதியாக ஏமாற்றியது போலிருந்தது.

இங்கே நாம் ஜாக்சனின் பக்கம் முழுமையாக நிற்க இயலவில்லை. தேர்ந்துகொண்ட வழியில் ஏறத்தாழ ஓராண்டு நடந்தபின், விட்ட வழியிலும் ஒரு காலை வைத்தார். எனினும் ஒன்றைக் கூறியாக வேண்டும்: இப்புதிய அணி அவரிடம் எதையும் மறைக்கவில்லை.

இரு களங்களிலும் அவர் காட்டிய திறமை இன்றும் பேசப்படுகிறது. 1987 நவம்பர் 30 ஆம் நாள், தம் 25 ஆவது பிறந்தநாளில், சியாட்டில் நகரில் நடந்த ஒரே ஆட்டத்தில் 221 கெஜம் ஓடினார்; அதில் ஓர் ஓட்டம் மட்டும் 91 கெஜம். 1989 ஜூலையில், பேஸ்பாலின் தலைசிறந்த வீரர்கள் மட்டும் கூடும் ஆட்டத்தில் முதல் ஆளாக இறங்கி 448 அடிக்கு ஒரு ஹோம் ரன் அடித்தார். அந்நேரம் வருணனையாளர் அருகில் விருந்தினராக அமர்ந்திருந்தவர், பதவியிலிருந்து அவ்வாண்டுதான் ஓய்வு பெற்றிருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன். அந்தப் பருவத்தில் 32 ஹோம் ரன்கள் ஜாக்சனுடையவை. 172 முறை அடிக்காமலே ஆட்டமிழந்ததும் அவர்தாம்.

1991 ஜனவரி 13 ஆம் நாள், சின்சினாட்டி அணிக்கு எதிரான ஆட்டத்தில் பந்தோடு 34 கெஜம் ஓடியவரை எதிரணி வீரர் ஒருவர் பின்னாலிருந்து பிடித்திழுத்து வீழ்த்தினார். பார்ப்பதற்குச் சாதாரணமான வீழ்ச்சிதான். ஆனால் இடது இடுப்பு மூட்டு நழுவிற்று. தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் சிதைந்தன. இரத்தம் செல்லாத எலும்பு உயிரற்றுப் போகும். உள்ளிருந்தே அரித்து நொறுங்கும். கால்பந்து அன்றோடு முடிந்தது. மார்ச் திங்களில் ராயல்ஸ் அணியும் அவரை விடுவித்துவிட்டது. பொழுதுபோக்கு, தொழிலைத் தின்றுவிட்டது. அப்போது வயது 28.

சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி துணிந்து அவரைச் சேர்த்துக்கொண்டது. 1991 ஆம் ஆண்டின் இறுதியில் நொண்டியபடியே 23 ஆட்டங்கள் ஆடினார். 1992 ஆம் ஆண்டில் சிதைந்த மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டு பொருத்தினார்கள். அத்தகைய மூட்டோடு பேஸ்பாலின் உயர்நிலைப் போட்டிகளுக்கு மீண்டவர் அவருக்கு முன் எவருமில்லை. மருத்துவர்கள் தலையசைத்தார்கள். தாய் ஃபுளோரன்ஸும் அப்போது புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். நான் மீண்டும் களமிறங்குவேன். உமக்காக ஒரு ஹோம் ரன் அடிப்பேன் என்று மகன் தாய்க்கு மறுபடியும் ஒரு வாக்களித்தார். அதைக் காணுமுன் தாய் கண்மூடினார்.

1993 ஏப்ரல் 9 ஆம் நாள் சிகாகோவில் ஆட்டம். ஒருவருக்குப் பதிலாக அடிப்பதற்கு ஜாக்சன் அழைக்கப்பட்டார். திரும்பி வந்தபின் அவர் தடியைச் சுழற்றியது அதுவே முதல்முறை. பந்து வலப்புறச் சுவரைத் தாண்டிச் சென்றது. எதிரே நின்ற அணி எது தெரியுமா? பதினொரு ஆண்டுகளுக்கு முன், தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக எந்த அணியின் பணத்தை மறுத்தாரோ, அதே நியூயார்க் யாங்கீஸ்.

அவருக்குப் பின்னும் இத்தகைய தேர்வுக்கு முன் நின்ற இளைஞர்கள் உண்டு. திருச்சிலுவைத் துறவற சபையார் நிறுவிய நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜெஃப் சமார்ஜா, கால்பந்தில் முதல் வரிசை வீரராக மதிக்கப்பட்டும், 2007 ஜனவரியில் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியோடு நின்றுவிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 2008 முதல் 2020 வரை பெரிய அணிகளில் பந்தெறிந்தார். ஜாக்சனைப் போல் அவர் பெயர் உலகெங்கும் பரவவில்லை. ஆனால் பதின்மூன்று பருவங்கள் ஆடினார். இருவருள் எவர் மகனாக வேண்டும் என்று கேட்டால் தாய்மார் எதைக் கூறுவர் என்று நாம் அறிவோம்.

ஜாக்சனே 2017 ஆம் ஆண்டில் ஒரு நேர்காணலில், கால்பந்தின் மோதல்கள் மூளைக்குச் செய்யும் கேட்டை அன்றே அறிந்திருந்தால் அவ்விளையாட்டைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்றும், தம் பிள்ளைகளை அதில் ஆடவிட மாட்டேன் என்றும் கூறினார். டாம்பா பே அணியை மறுத்ததற்கு அவர் வருந்தியதாக நாம் எங்கும் படித்ததில்லை.

1994 ஆம் ஆண்டோடு அவர் களத்திலிருந்து விலகினார். பேஸ்பாலில் 141 ஹோம் ரன்கள், கால்பந்தில் 2,782 கெஜம் என்று பதிவேடுகள் கூறும். ஆனால் பெசமர் வீட்டுக் கணக்கில் இன்னும் ஒரு பாக்கி இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி போனார். பட்டம் பெறாமலே 1986 ஆம் ஆண்டில் வெளியேறியிருந்தார். விளையாட்டு முடிந்தபின் ஆபர்னுக்குத் திரும்பிச் சென்று, தம்மைவிட இளையவர்களோடு வகுப்பில் அமர்ந்து, 1995 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அவர் பயின்ற பாடம் குடும்பமும் குழந்தை வளர்ச்சியும்.